பார்க்கிறவரையும் பார்ப்போம்

(முதியவருக்கு வீட்டோடு ஆள் வைக்கும் குடும்பங்களுக்கு ஒரு பாடம்)

எங்கள் தாயார் தமது 82-ஆம் வயதில் பக்கவாதத்தினால் இடது கையும் இடது காலும் தளர்ந்துபோனார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வரும் நாள் நெருங்கியபோது பிள்ளைகள் நாங்கள் நாலு பேரும் கூடிப் பேசினோம். அண்ணன் பெங்களூரில், தம்பி கோயம்புத்தூரில், தங்கை துபாயில், நான் வெளிமாவட்டத்து ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸ். அம்மாவோ நாகர்கோவில் பக்கத்திலுள்ள தன் வீட்டை விட்டு எங்கேயும் வரமாட்டேன் என்றார்கள். முடிவில், வீட்டோடு தங்கிப் பார்க்க ஒரு ஆளை வைப்பதென்று தீர்மானித்தோம். ஒரு ஏஜென்சி மூலமாக, ஏறக்குறைய 45 வயதுள்ள ஒரு சகோதரி வந்தார். "24 மணி நேரமும் கூடவே இருப்பாங்க" என்று ஏஜென்சியில் சொன்னார்கள். அந்த வார்த்தை எங்களுக்கு மிகுந்த ஆறுதலாயிருந்தது. அவரவர் வேலைக்குத் திரும்பிப் போனோம்.

அம்மா இரவில் நாலைந்து தடவை எழும்புவார்கள். ஒவ்வொரு தடவையும் தாங்கிப் பிடித்துக் கழிவறைக்குக் கூட்டிப்போக வேண்டும். விடிந்தால் குளிப்பாட்டுதல், சமையல், துணி, பிசியோதெரபி, மாத்திரை, வருகிறவர்களுக்குக் காப்பி. அந்தச் சகோதரி எப்போது உறங்குகிறார் என்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை. 19-ஆம் நாள் இரவு அம்மா கூப்பிட்டிருக்கிறார்கள்; அவர் எழும்பவில்லை. அம்மா தானாக எழுந்து நடக்கப் பார்த்து, விழுந்து, இடுப்பெலும்பு முறிந்தது.

அண்ணன் அந்தச் சகோதரியைக் கடிந்து பேசி, மறுநாள் காலைப் பஸ்ஸிலேயே அனுப்பிவிட்டார். நானும் தடுக்கவில்லை. ஆபரேஷன் முடிந்த பிறகு அம்மா என்னைப் பார்த்துச் சொன்ன முதல் வார்த்தை இது: "அவ என்னை விட்டுட்டுப் போகல மக்கா. அவளுக்கு உறக்கம் வந்துட்டு."

அன்பானவர்களே, எத்தனையோ இரவு நைட் டியூட்டி பார்த்தவள் நான். நைட் டியூட்டி முடிந்தால் நர்ஸ் பகலில் உறங்க வேண்டும் என்பது எனக்குத் தெரியாததல்ல. ஆஸ்பத்திரியில் மூன்று ஷிப்ட் போட்டு மூன்று பேர் செய்கிற வேலையை, என் தாயார் வீட்டில் ஒரே ஆள் 19 நாள் செய்ய வேண்டுமென்று விட்டுவிட்டேன். இந்தப் பாடத்தை எழுத அதுவே காரணம். வீட்டோடு ஆள் வைக்கும்போது அந்தக் கூரையின் கீழ் நாம் ஒருவருக்கு அல்ல, இரண்டு பேருக்கு ஏற்பாடு செய்கிறோம். இரண்டாமவரின் உறக்கமும் ஓய்வும் மரியாதையும் கெட்டுப்போனால், முதலாமவரின் பராமரிப்பும் நிச்சயமாகக் கெட்டுப்போகும். இனி ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. முதலாவது, தேவையை அளந்து பாருங்கள்

"அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும்" என்றால் போதாது. என்ன பார்க்க வேண்டும்? 1963-ஆம் ஆண்டில் சிட்னி காட்ஸ் என்ற அமெரிக்க மருத்துவரும் அவரோடு வேலை செய்தவர்களும் முதியவரின் நிலையை அறிய ஆறு காரியங்களைக் குறித்தார்கள்: குளித்தல், உடுத்துதல், கழிவறைக்குப் போய்வருதல், படுக்கையிலிருந்து எழுந்து நாற்காலியில் அமர்தல், மலஜலத்தை அடக்குதல், உண்ணுதல். இன்றும் மருத்துவர்கள் இந்த ஆறையும் பயன்படுத்துகிறார்கள். ஒரு தாளில் இவற்றை எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே "தானாகச் செய்வார்", "கை கொடுத்தால் செய்வார்", "முழுவதும் நாம் செய்ய வேண்டும்" என்று குறியுங்கள்.

எல்லாம் தானாகச் செய்வாரானால் அவருக்கு வேண்டியது துணை. சமைத்துக் கொடுத்து, பேச்சுத் துணையாக இருக்க ஒருவர் போதும். இரண்டு மூன்றில் கை கொடுக்க வேண்டுமானால், தூக்கிப் பிடிக்கத் தெரிந்தவர் வேண்டும். டியூப் வழியாக ஆகாரம், சிறுநீர்க் குழாய், ஆழமான படுக்கைப் புண், ஊசி இவை இருந்தால் அது நர்ஸின் வேலை. "ஹோம் நர்ஸ்" என்று அழைக்கப்படுகிற அநேகர் நர்ஸிங் படித்தவர்களல்லர் என்பதை மறவாதிருங்கள். படித்த நர்ஸானால் நர்ஸிங் கவுன்சிலில் பதிவு எண் இருக்கும், கேட்டுப் பாருங்கள். படிக்காதவரிடம் ஊசியையும் டியூபையும் கொடுத்துவிட்டு, பிற்பாடு அவரைக் குறை சொல்வது நியாயமல்ல.

ஏழாவதாக ஒன்றை நானே சேர்க்கிறேன்: இரவு. ஆள் வைக்கும் முன் பிள்ளைகளில் ஒருவர் மூன்று இரவு கூடத் தங்கி, எத்தனை தடவை எழும்புகிறார், எத்தனை மணிக்கு, எதற்காக என்று எழுதுங்கள். அந்தத் தாளை மருத்துவரிடம் காட்டுங்கள். எங்கள் தாயாருக்கு இரத்த அழுத்தத்துக்காகக் கொடுத்த நீர் மாத்திரையை நாங்கள் மாலை 6 மணிக்குக் கொடுத்து வந்தோம். இடுப்பு முறிந்த பிறகுதான் டாக்டர் அதைக் கவனித்து, காலையில் கொடுக்கச் சொன்னார். இரவில் ஐந்து தடவை எழும்பினவர்கள் இரண்டு தடவைதான் எழும்பினார்கள். சர்க்கரை கூடினாலும், சிறுநீரில் கிருமித் தொற்று இருந்தாலும், ஆண்களுக்குப் புராஸ்டேட் வீங்கினாலும், பகலில் அதிகம் உறங்கினாலும் இரவில் அடிக்கடி எழும்புவது உண்டு. மருத்துவரைக் கேளாமல் மாத்திரையின் நேரத்தை நீங்களாக மாற்றாதேயுங்கள். ஆனால் கேட்காமலும் இருந்துவிடாதேயுங்கள்.

2. பெரியவரைக் கேட்டீர்களா?

நாங்கள் நாலு பேரும் பேசி முடித்த பிறகே அம்மாவிடம் சொன்னோம். தன் சமையலறையில் அந்நியர் ஒருவர் புழங்குவதும், தன் உடம்பை அந்நியர் ஒருவர் தொட்டுக் குளிப்பாட்டுவதும் ஒரு முதியவருக்கு எவ்வளவு கூச்சம் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. வருகிறவரை முன்னதாக வீட்டுக்கு அழைத்து, பெரியவரோடு உட்கார்ந்து காப்பி குடிக்க வையுங்கள். எத்தனை மணிக்குக் குளிப்பது, சாதம் எவ்வளவு குழைய வேண்டும், ரேடியோவா டிவியா, எந்தச் சேலை என்று பெரியவரே சொல்லட்டும். முதல் இரண்டு நாளாவது பிள்ளைகளில் ஒருவர் கூட இருந்து பழக்கிவிட வேண்டும். மறதி நோயுள்ளவரானால் ஒரு வாரமாவது வேண்டும். புதிய முகம் அவர்களுக்குப் பயத்தை உண்டாக்கும்.

3. ஆளைத் தேடும்போது

ஏஜென்சி மூலமாக எடுக்கலாம். தெரிந்தவர்கள் மூலமாக நேரடியாக எடுக்கலாம். சொந்தத்தில் ஒருவரை வைக்கலாம். ஏஜென்சியானால் ஒரு கேள்வியைக் கூசாமல் கேளுங்கள்: நாங்கள் கொடுக்கும் தொகையில் அந்தச் சகோதரியின் கைக்குப் போவது எவ்வளவு? அவர் சுகவீனப்பட்டால் மாற்று ஆள் எத்தனை நாளில் வருவார்? இதை எழுத்தில் வாங்குங்கள். சொந்தக்காரரானால், "நம்ம பிள்ளைதானே" என்று சம்பளம் பேசாமல் விடாதேயுங்கள். பேசாமல் விட்ட சம்பளம் பிற்காலத்தில் மனக்கசப்பாக வெளிப்படும்.

முன்பு வேலை செய்த வீட்டாரிடம் ஒரு வார்த்தை விசாரியுங்கள். ஆதார் நகலும் போட்டோவும் வாங்கி, அருகிலுள்ள காவல் நிலையத்தில் விவரம் கொடுத்து வைப்பது நல்லது. ஆனால் அசல் ஆதாரையோ சர்டிபிகேட்டையோ வாங்கிப் பெட்டியில் பூட்டி வைக்கிற பழக்கம் சில வீடுகளில் உண்டு, அது தவறு. விசாரிப்பு இரண்டு பக்கமும் நடக்கட்டும். அவருக்குப் பிள்ளைகள் உண்டா, யார் பார்க்கிறார்கள், அவருடைய வீட்டில் அவசரம் என்றால் யாருக்குப் போன் செய்ய வேண்டும் என்று நாமும் கேட்டு எழுதி வைக்க வேண்டும். எங்கள் வீட்டில் 19 நாள் இருந்தவரின் சொந்த ஊர்ப் பெயர்கூட எங்களுக்குத் தெரியாதிருந்தது.

4. உறக்கத்தின் கணக்கு

ஒரு நாளுக்கு 24 மணி நேரம். உறக்கம் 8 மணி. சாப்பாடு, குளியல், தன் துணி துவைத்தல், சற்று இளைப்பாறுதல் இவற்றுக்கு 4 மணி. மீதி 12. வீட்டோடு இருப்பவரானாலும் ஒரு மனுஷி கொடுக்கக்கூடியது, மிஞ்சிப் போனால், இவ்வளவுதான். அதையும் மாதக்கணக்கில் அவரால் கொடுக்க முடியாது. பெரியவர் இரவில் ஒரு தடவை எழும்பினால் ஒருவர் சமாளிப்பார். இரண்டு தடவையானால் மறுநாள் பிற்பகலில் அவருக்கு இரண்டு மணி நேரம் கட்டாயம் உறக்கம் கொடுக்க வேண்டும். அந்த இரண்டு மணி நேரம் பெரியவர் பக்கத்தில் வேறு ஒருவர் இருக்க வேண்டும். மூன்று தடவைக்கு மேலானால் இரவுக்குத் தனியாக ஒரு ஆள் வேண்டும். இதற்கு வேறு வழியில்லை.

சர்வதேசத் தொழிலாளர் நிறுவனம் 2011-இல் வீட்டுப் பணியாளருக்கென்று 189-ஆம் எண் உடன்படிக்கையை ஏற்படுத்தியது. வாரத்தில் தொடர்ச்சியாக 24 மணி நேரமாவது ஓய்வு வேண்டும் என்றும், ஓய்வு நேரத்தில் அவர் அந்த வீட்டிலேயே இருக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தக் கூடாது என்றும், தம் அடையாள ஆவணங்களைத் தாமே வைத்துக்கொள்ள அவருக்கு உரிமையுண்டு என்றும் அது கூறுகிறது. இந்தியா இன்னும் அதில் கையெழுத்திட்டு ஏற்கவில்லை. ஆயினும் நம் வீட்டில் அதைக் கடைப்பிடிக்க யார் நம்மைத் தடுக்கிறார்கள்?

வார ஓய்வு என்றவுடனே, "அன்றைக்கு அம்மாவை யார் பார்ப்பது?" என்ற கேள்வி வரும். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் பிள்ளைகள். நாங்கள் இரண்டாவது தடவை ஏற்பாடு செய்தபோது, மாதத்தில் நாலு ஞாயிறையும் பங்கிட்டுக்கொண்டோம். அண்ணன் ஒன்று, தம்பி ஒன்று, நான் ஒன்று. துபாயிலிருக்கும் தங்கையின் ஞாயிறுக்குப் பக்கத்து வீட்டிலிருக்கும் சித்தியை அமர்த்தி, அதற்குரிய பணத்தைத் தங்கை அனுப்பினாள். வீட்டோடு பார்ப்பவர் சனி மாலை போய் ஞாயிறு மாலை வருவார். அந்த ஒரு நாள் அம்மாவைத் தூக்கி உட்கார வைத்துப் பார்த்த பிறகுதான், மற்ற ஆறு நாளும் அவர் செய்கிற வேலையின் பாரம் அண்ணனுக்குப் புரிந்தது.

5. எழுத்தில் வைக்க வேண்டியவை

ஒரு பக்கத் தாள் போதும். இரு தரப்பாரும் கையெழுத்திட்டு ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். அதில் இருக்க வேண்டியவை:

சம்பளம் எவ்வளவு, எந்தத் தேதியில், யார் கொடுப்பது. கூடுமானால் அவருடைய சொந்த வங்கிக் கணக்கில் போடுங்கள்.

என்னென்ன வேலை, எது அவர் வேலையல்ல. பெரியவரின் சமையலும் துணியும் அவர் வேலை. கிறிஸ்துமஸுக்கு வருகிற பதினைந்து பேருக்குச் சமைப்பது அவர் வேலையல்ல. கேட்டுச் செய்தால் தனியாகக் கூலி கொடுக்க வேண்டும்.

உறங்கும் நேரம், பிற்பகல் ஓய்வு, வார விடுமுறை, வருட விடுமுறை. பண்டிகை விடுமுறை அவருடைய பண்டிகைக்காக இருக்க வேண்டும். தீபாவளியோ ரம்ஜானோ பொங்கலோ அவர் தம் வீட்டில் கொண்டாடட்டும். நம் குடும்ப ஜெபத்தில் உட்கார வேண்டும் என்றோ, ஆலயத்துக்கு வர வேண்டும் என்றோ நிபந்தனை வைக்காதேயுங்கள். அவருடைய ஓய்வு நாள் அவருடையது.

அவசரத்தில் யாருக்கு முதலில் போன் செய்வது, இரண்டாவது யாருக்கு. நாலு பிள்ளைகளும் நாலு விதமாக உத்தரவிடாமல், ஒருவரே பொறுப்பாயிருக்க வேண்டும்.

வேலையை விட விரும்பினால் எத்தனை நாள் முன்னறிவிப்பு. நாம் நிறுத்தினால் எத்தனை நாள் சம்பளம்.

தமிழ்நாட்டில் வீட்டுப் பணியாளர் நல வாரியம் 2007-இல் ஏற்படுத்தப்பட்டது. அவர் அதில் பதிவு செய்யாதிருந்தால் பதிவு செய்ய உதவுங்கள். 2018-இல் தமிழ்நாடு அரசு வீட்டு வேலைக்கும் குறைந்தபட்ச ஊதியம் நிர்ணயித்தது. நடப்புத் தொகையைத் தொழிலாளர் துறை அலுவலகத்தில் கேட்டறியலாம். அது குறைந்தபட்ச அளவு என்பதை நினைவில் வையுங்கள். முடியாதவரைத் தூக்கிப் பார்க்கிற வேலைக்கு அதைவிடக் கூடுதலாகவே கொடுக்க வேண்டும். வங்கிக் கணக்குள்ள 18 முதல் 70 வயது வரையுள்ளவர்களுக்கு, வருடம் 20 ரூபாயில் 2 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடு தரும் பிரதம மந்திரி சுரக்ஷா பீமா திட்டம் உண்டு. நம் வீட்டில் வேலை செய்கிறவருக்கு அந்த 20 ரூபாயை நாமே கட்டலாமே!

6. வீட்டை ஆயத்தம் செய்தல்

பெரியவருக்கு: உட்கார்ந்தால் பாதம் தரையில் படுகிற உயரத்தில் கட்டில். கட்டிலிலிருந்து கழிவறை வரை இரவு விளக்கு. கழிவறையில் கைப்பிடி, வழுக்காத தரை. படுக்கைக்குப் பக்கத்தில் வைக்க ஒரு கமோடு நாற்காலி. இது ஒன்றிருந்தால் இரவில் பாதி வேலை குறையும். கைக்கு எட்டும் இடத்தில் ஒரு மணி. வழியில் கிடக்கும் மிதியடிகளையும் ஒயர்களையும் எடுத்துவிடுங்கள்.

பார்க்கிறவருக்கு: தரையில் பாயல்ல, ஒரு கட்டிலும் மெத்தையும். மின்விசிறி. பூட்டும் சாவியுமுள்ள ஒரு அலமாரி. உள்ளிருந்து தாழ்ப்பாள் போடக்கூடிய குளியலறை. நாம் சாப்பிடுகிற அதே சாப்பாடு, நாம் சாப்பிடுகிற அதே தட்டு. வெட்கத்தோடு எழுதுகிறேன்: தனித் தட்டும் தனித் தம்ளரும் சில விசுவாசிகளின் வீட்டிலும் இன்னும் ஒழியவில்லை. சாதி கேட்டு ஆள் எடுக்கிறவர்களும் உண்டு. நம் தாயாருக்கு வாயில் ஊட்டுகிற கைக்கு வேறு தம்ளர் கொடுப்போமானால், நாம் யார்?

கட்டில் பக்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கட்டும். மாத்திரை கொடுத்த நேரம், உண்டது, மலம் போனது, இரவில் எழும்பினது, இரத்த அழுத்தம், சர்க்கரை இவற்றை அதில் எழுதலாம். எழுதப் படிக்க வராதவரானால் டிக் போடும்படி படம் வரைந்து கொடுங்கள். வாரத்துக்குரிய மாத்திரைகளை நேரவாரியாகப் பெட்டியில் போட்டு வைப்பது பிள்ளைகளின் பொறுப்பாக இருக்கட்டும்.

சில காரியங்களை நர்ஸையோ பிசியோதெரபிஸ்ட்டையோ கொண்டு நேரில் கற்றுக்கொடுங்கள். தானாகப் புரண்டு படுக்க முடியாதவரை ஏறக்குறைய இரண்டு மணிக்கு ஒரு தடவை பக்கம் மாற்றிப் படுக்கவைத்து, இடுப்பிலும் குதிகாலிலும் தோல் சிவந்திருக்கிறதா என்று தினமும் பார்க்க வேண்டும். நிமிர்ந்து உட்கார வைத்தே ஊட்ட வேண்டும். உண்ட பிறகும் அரைமணி நேரம் படுக்க விடக் கூடாது. இருமினால் ஊட்டுவதை நிறுத்த வேண்டும். பக்கவாதம் வந்தவரைத் தளர்ந்த கையைப் பிடித்து இழுத்துத் தூக்கினால் தோள்மூட்டு கெட்டுப்போகும். தூக்குகிறவரும் முதுகை வளைத்துத் தூக்காமல் முழங்காலை மடக்கித் தூக்க வேண்டும். அவருடைய முதுகும் முதுகுதான்.

7. பணமும் சொத்தும்

நகை, பத்திரம், ஏடிஎம் கார்டு இவற்றை ஆள் வருமுன்னே பிள்ளைகள் எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். இதை அவநம்பிக்கை என்று எண்ண வேண்டாம். மறதியுள்ள பெரியவர் தன் மோதிரத்தைத் தலையணை உறைக்குள் வைத்துவிட்டு, காணோம் என்று சொன்னால் பழி விழுவது யார்மேல்? வீட்டுச் செலவுக்கு வாரம் இவ்வளவு என்று கொடுத்து நோட்டில் எழுதச் சொல்லுங்கள். பெரியவர் அவருக்கு ஏதாவது பரிசு கொடுக்க விரும்பினால், பிள்ளைகளில் ஒருவருக்குத் தெரிந்து கொடுக்கட்டும்.

கேமரா வைப்பதானால் பெரியவருக்கும் பார்க்கிறவருக்கும் சொல்லிவிட்டு வையுங்கள். குளிக்கிற, உடை மாற்றுகிற இடத்தில் வைக்கவே கூடாது.

சில முதியோர், "என்னைப் பார்க்கிற பிள்ளைக்கே வீடு" என்று எழுதிக் கொடுப்பதுண்டு. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம் 2007-இல் வந்தது. பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு சொத்தை வாங்கிக்கொண்டவர் பராமரிக்கத் தவறினால், அந்தப் பத்திரம் செல்லாது என்று அறிவிக்கச் சொல்லி அதற்குரிய தீர்ப்பாயத்தில் கேட்க அதின் 23-ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது. ஆகவே அந்த நிபந்தனையைப் பத்திரத்திலேயே தெளிவாக எழுதச் சொல்லுங்கள். வாய்வார்த்தையாக விட்டுவிட வேண்டாம்.

8. ஆள் வைத்ததோடு பிள்ளைகளின் கடமை முடிவதில்லை

பணம் அனுப்புகிற பிள்ளை ஒருவர். அருகிலிருந்து ஓடி அலைகிற பிள்ளை ஒருவர். இரண்டாமவரின் பாடு கணக்கில் ஏறுவதில்லை. குடும்பமாகச் செலவைப் பங்கிடும்போது, அருகில் இருப்பவரின் நேரத்தையும் ஒரு பங்காக எண்ணுங்கள்.

தினமும் குறித்த நேரத்தில் போன் செய்யுங்கள். பெரியவரோடு பேசிய பின், பார்க்கிறவரோடும் இரண்டு நிமிஷம் பேசுங்கள். "அம்மா சாப்பிட்டாங்களா?" என்பதற்கு அடுத்த கேள்வி, "ராத்திரி நீங்க உறங்கினீங்களா?" என்பதாக இருக்கட்டும். இதை நான் மிகவும் பிந்திக் கற்றேன்.

நேரில் போகும்போது கண்களைத் திறந்து பாருங்கள். காரணம் தெரியாத காயம், திடீரென்று உடம்பு மெலிதல், படுக்கைப் புண், பார்க்கிறவர் அருகில் வந்ததும் பெரியவர் ஒடுங்கிப்போதல் இவற்றை அலட்சியம் பண்ண வேண்டாம். அதேபோல, பார்க்கிறவருக்கும் துன்பம் நேரிடுவதுண்டு. மறதி நோயால் சில பெரியவர்கள் அடிப்பார்கள், வசை பேசுவார்கள், தகாத விதமாகத் தொடுவார்கள். "வயசானவங்க, பொறுத்துக்கோ" என்று வாயை அடைக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். சிகிச்சையாலும் பழக்கும் முறையாலும் அநேகமாகக் குறைக்கலாம். குறையாவிட்டால் ஆளை மாற்றுவது அவருக்கும் நல்லது.

9. உதவி எங்கே கிடைக்கும்?

முதியோருக்கான தேசிய இலவச உதவி எண் 14567. காலை 8 மணி முதல் இரவு 8 மணி வரை பேசலாம். அவசரத்துக்கு 108. இந்த இரண்டு எண்களையும் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளோடு, படுக்கையிலிருப்பவருக்கு வலி தணிக்கும் பராமரிப்பும் பிசியோதெரபியும் வீட்டுக்கே வர வழி செய்யப்பட்டது. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். சென்னையில் 1978-லேயே அரசு பொது மருத்துவமனையில் முதியோர் மருத்துவப் பிரிவு தொடங்கப்பட்டது. கிண்டியில் 2024-இல் தேசிய முதியோர் நல மையம் திறக்கப்பட்டது.

சபையார் செய்யக்கூடிய ஒரு சிறிய உதவியும் உண்டு. முதியவரைப் பார்க்கப் போகிறவர்கள் கால்மணி நேரம் உட்கார்ந்து, காப்பி குடித்து, ஜெபித்து வருகிறோம். அந்தக் காப்பியையும் அந்தச் சகோதரியே போட வேண்டியிருக்கிறது. இனிமேல் இரண்டு மணி நேரம் இருக்கும்படி போங்கள். "நாங்கள் உட்காருகிறோம், நீங்கள் போய் உறங்குங்கள்" என்று அவரிடம் சொல்லுங்கள்.

முடிவாக

இரண்டாவதாக வந்த சகோதரி பக்கத்து ஊரைச் சேர்ந்த ஒரு விதவை. முதல் இரண்டு மாதம் இரவுக்கு வேறு ஒருவரையும் வைத்தோம். செலவு கூடியது உண்மைதான். ஆயினும், இடுப்பு ஆபரேஷனுக்குச் செலவழித்ததைவிட அது குறைவே. அம்மா அதன்பின் இரண்டு வருடம் இருந்தார்கள். படுக்கைப் புண் ஒன்றும் வரவில்லை. வாக்கர் பிடித்துத் திண்ணை வரை நடந்தார்கள். அடக்க ஆராதனையில் அந்தச் சகோதரி கடைசியில் போய் நின்றார். அண்ணன் எழுந்து போய், அவரைக் கூட்டிவந்து எங்கள் வரிசையில் உட்கார வைத்தார்.

முதலில் வந்தவரையும் நான் தேடினேன். ஏஜென்சிக்குப் பலமுறை போன் செய்து, கடைசியில் அவருடைய எண் கிடைத்தது. அவருக்குச் சேர வேண்டிய சம்பளப் பாக்கியை அனுப்ப வேண்டும், மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று எண்ணிப் பேசினேன். அப்போது அம்மா உயிரோடிருந்தார்கள். நான் யாரென்று சொன்னவுடன், நான் மேலே பேசுமுன்னே அவர் கேட்டார்: "அம்மா இப்ப நடக்கிறாங்களா?"

குடும்பமாக, அல்லது சபைக் கூட்டத்தில் பேசிப் பார்க்கச் சில கேள்விகள்

1. உங்கள் வீட்டு முதியவர் ஆறு காரியங்களில் எவற்றைத் தானாகச் செய்கிறார்? கடந்த வாரம் இரவில் எத்தனை தடவை எழும்பினார்?

2. வீட்டோடு பார்ப்பவர் நேற்று எத்தனை மணி நேரம் உறங்கினார் என்று உங்களுக்குத் தெரியுமா? அவருடைய ஊர், அவருடைய பிள்ளைகளின் பெயர்கள் தெரியுமா?

3. அவருடைய வார ஓய்வு நாளில் முதியவரைப் பார்க்கும் முறை, பிள்ளைகளுக்குள் எப்படிப் பங்கிடப்பட்டிருக்கிறது?

4. வேலை, சம்பளம், விடுமுறை இவை எழுத்தில் உள்ளனவா? அதின் ஒரு பிரதி அவரிடம் உண்டா?

5. உங்கள் சபையில் இப்படி வீட்டோடு ஆள் வைத்திருக்கும் குடும்பங்கள் எத்தனை? வாரத்தில் இரண்டு மணி நேரம் போய் உட்கார யார் யார் முன்வருவீர்கள்?